ஜன்னலோர இடம்

தம்பி,

நீ முடி வெட்டிக்கொள்ளப் போயிருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை, சலூனில் கூட்டம் இருக்கும், எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும் என்று நினைத்துத்தான் எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகு இரண்டு தடவை எழுந்துவிட்டேன். ஒரு தடவை உன் பெட்டியில் முகக்கவசம் வைத்தேனா என்று பார்க்க. வைத்திருக்கிறேன், வேட்டிக்கு அடியில், எடுத்து வெளியே போட்டுவிடாதே. இன்னொரு தடவை எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை, சமையலறை வரை போய்த் திரும்பி வந்தேன். நாளைக் காலை முதல் பஸ்ஸில் சிறைக்காவலர் பயிற்சிக்குக் கிளம்புகிறாய். அதற்குள் உன்னிடம் சொல்லியாக வேண்டிய ஒன்று இருக்கிறது. பதிமூன்று வருடம் தாமதமாகச் சொல்கிறேன். நேரில் சொல்லத்தான் மூன்று வாரமாக முயன்றேன். நீ சாப்பிடும்போது எதிரில் வந்து நின்றேன். "இன்னாம்மா, இன்னும் ரெண்டு கரண்டி சாம்பார் ஊத்தத்தானே நிக்கிற" என்றாய். ஊற்றிவிட்டு வந்துவிட்டேன்.

மூன்று வாரத்துக்கு முன் ஸ்டேஷனிலிருந்து ஒருவர் உன்னைப் பற்றி விசாரிக்க வந்தாரே, அன்றிலிருந்து ஆரம்பிக்கிறேன். நல்ல மனிதர்தான். மோர் குடித்தார். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்தில் உன் பெயரை இரண்டு தடவை கேட்டு எழுதிக்கொண்டார். கிளம்பும்போது செருப்பைப் போட்டுக்கொண்டே உன் அப்பாவிடம், "உங்க மேல பட்டு நூல் கேஸு ஒண்ணு இருந்துச்சே, விடுதலைதானே. அப்ப ஒண்ணும் இல்ல, பையன் வேலைக்கு அது வராது" என்று சொல்லிவிட்டுப் போனார். நீ கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாய். அப்பா சுருக்கமாகச் சொன்னார். லோடு வண்டியில் ஏற்றிப்போன பட்டு நூலில் இரண்டு கட்டு குறைந்தது, ஓட்டினவர் என்று அவரையும் பிடித்தார்கள், ஏழு மாதம் உள்ளே இருந்தார், எடுத்தது வேறு ஆள் என்று பிறகு தெரிந்து விட்டுவிட்டார்கள். "பெங்களூர்ல வேலன்னு சொன்னீங்களே" என்றாய். "உனக்கு அப்ப ஏழு வயசுப்பா" என்றார். நீ கதவிலிருந்து கையை எடுத்தாய். பிறகு கேட்டாய்: "அப்போ பீடி அங்க போய்தான் கத்துக்கினியா?"

அப்பா வாயைத் திறந்தார், இருமல் வந்துவிட்டது. இருமிக்கொண்டே என்னைப் பார்த்தார். அந்த நேரம் குக்கர் விசில் அடித்தது. அடுப்பை அணைக்க உள்ளே போனேன். அணைத்த பிறகும் நான் திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து நீ அவரிடம் பேசுவதில்லை. ஜெயிலுக்குப் போனதற்காக இல்லை என்று தெரியும். "உள்ள போனவன்லாம் திருடன் இல்லம்மா, எனக்குத் தெரியும்" என்று நீயே சொன்னாய். பீடி குடித்து நெஞ்சைக் கெடுத்துக்கொண்டு, குடிக்கவே இல்லை என்று இத்தனை வருடமாகச் சாதிக்கிறாரே, அதுதான் உனக்குத் தாங்கவில்லை.

அவர் பொய் சொல்லவில்லை, தம்பி. உன் அப்பா தன் வாழ்க்கையில் ஒரு பீடிகூடக் குடித்ததில்லை. உள்ளே போன பீடி நான் வாங்கிக் கொடுத்தது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கல்லூரி இரண்டாம் வருடத்தில் கல்யாணம், மூன்றாம் வருடப் பரீட்சைக்குப் போகும்போது நீ என் இடுப்பில். ஆனாலும் கெமிஸ்ட்ரியில் நல்ல மார்க் வாங்கினேன் என்று இன்றைக்கும் எனக்கு ஒரு கர்வம் உண்டு. அந்தப் படிப்பு அன்றைக்கு ஒன்றுக்கும் உதவவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. பனிக்காலத்தில் வரும், மழைக்காலத்தில் வரும், கல்யாணத்துக்குப் பிறகு அடங்கியிருந்தது. அவரைக் கொண்டுபோன அன்றைக்கு எனக்குக் கேஸைவிட அந்த இழுப்புதான் பயமாக இருந்தது. ஜாமீன் சீக்கிரமே கொடுத்துவிட்டார்கள். ஆனால் இரண்டு பேர் தங்கள் பேரில் உள்ள வீட்டுக்கு வரி கட்டின ரசீதோடு வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார் வக்கீல். நம் சொந்தத்தில் யாருக்கு அவர்கள் பேரில் வீடு இருந்தது? இருந்த ஒருவரும் என் போனை எடுக்கவில்லை. அதனால் ஏழு மாதம். வாரத்துக்கு ஒரு நாள் உன்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி அவரைப் பார்க்கப் போவேன். உள்ளே இருப்பவரைப் பார்ப்பதற்கு அங்கே "மனு" என்று பெயர். இனி நீ தினமும் கேட்கப்போகிற சொல்.

முதல் மனுவில் பழமும் பிஸ்கட்டும் வைத்துக்கொண்டு வரிசையில் அழுதுகொண்டு நின்றேன். முன்னால் நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள். கன்னியம்மா என்று பேர், என்னைவிடப் பத்து வயது பெரியவள், அவள் வீட்டுக்காரருக்கு அது மூன்றாவது தடவை. "இன்னாம்மா புதுசா? அழுதுக்கினு நின்னா சீக்கிரம் வுட்டுடுவாங்களா" என்றாள். பையை எட்டிப் பார்த்தாள். "பழத்த குடுத்து இன்னா ஆவப்போவுது. உள்ள பீடிதாம்மா பேசும். ரெண்டு கட்டு போச்சின்னா குளிக்க தண்ணி. நாலு கட்டு போச்சின்னா படுக்க நல்ல எடம்." எங்க வீட்டுக்காரர் குடிக்க மாட்டாருக்கா என்றேன். "அதான் ரொம்ப நல்லது. குடிக்காதவன் கையிலதான் பீடி தங்கும்" என்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பீடி கூடாது என்று எங்கள் தலைக்கு மேலேயே போர்டு தொங்கியது. அது எப்படி உள்ளே போயிற்று என்பதை உனக்கு எழுத மாட்டேன். அதைப் பிடிக்கிற வேலைக்குத்தான் நீ போகிறாய், பயிற்சியில் சொல்லித் தருவார்கள்.

நம் பக்கத்தில் வாங்கினால் பேச்சாகிவிடும் என்று சின்ன காஞ்சிபுரம் வரை நடந்துபோய் ஒரு பெட்டிக்கடையில் வாங்குவேன். "யாருக்கும்மா?" என்றார் கடைக்காரர். மாமனாருக்கு என்றேன். என் மாமனார் எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே போய்விட்டவர். அந்தக் கடைக்காரர் அவரை மறக்கவே இல்லை. வாராவாரம் கேட்பார், "மாமனாரு எப்பிடிக்கீறாரு?" ஒரு வாரம் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொடுக்காமல் நின்றார். "நாலு கட்டு ஜாஸ்திம்மா. அந்த மனுசன் நெஞ்சு இன்னாத்துக்கு ஆவும்? விக்கறவன் நானே சொல்றேன், கொறைச்சிக்க சொல்லு." சொல்கிறேன் என்று தலையாட்டிவிட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். இன்றைக்கு வரை என்னிடம் அந்த நெஞ்சைப் பற்றிச் சரியாகப் பேசின ஒரே ஆள் அவர்தான்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, ஜன்னல். ஒரே அறையில் முப்பது பேர், ஒரு ஓரத்தில் கழிப்பிடம், இன்னொரு ஓரத்தில் கம்பி போட்ட ஒரு ஜன்னல் என்று அவர் சொல்லியிருந்தார். இழுப்புக்காரர், காற்று வருகிற இடத்தில் படுத்தால் பிழைத்துக்கொள்வார் என்று எனக்கு ஒரே பிடிவாதம். ஐந்தாவது வாரம் கிடைத்துவிட்டது. மனு அறையில் இரண்டு வரிசைக் கம்பிவலை, நடுவில் ஒரு ஆள் நடக்கிற இடைவெளி. இந்தப் பக்கம் நாற்பது பேர், அந்தப் பக்கம் நாற்பது பேர், எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். கத்த மூச்சு இருக்கிறவர்களுக்குத்தான் அங்கே பேச்சு. உன் அப்பா கத்தமாட்டார். வெட்கம், என் மேல் கோபம், என்னென்னவோ நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு வலையில் முகத்தை அழுத்திக்கொண்டு, "ஜன்னலு கெடச்சிடுச்சி" என்று ஒரு தடவை சொன்னார். பஸ்ஸில் திரும்பி வரும்போது நான் பாட்டுகூட முணுமுணுத்தேன். உனக்கு ஜாங்கிரி வாங்கி வந்தேன், ஞாபகம் இருக்கிறதா? பெங்களூரிலிருந்து அப்பா கொடுத்து அனுப்பினார் என்றேன். நீ அந்தக் காகிதத்தைக்கூட நக்கினாய்.

அடுத்த வாரத்திலிருந்து நான் விடாமல் பீடி கொண்டுபோனேன், அந்த இடம் கைவிட்டுப் போகக்கூடாதே என்று. அவர் வெளியே வந்தபோது நம் வீட்டு மாடிப்படியில் நாலாவது படியில் உட்கார்ந்துவிட்டார். வெளிக்காற்று பட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தோம். சில வருடம் கொஞ்சம் சரியாக இருப்பார், சில மாதம் பேசவே மூச்சு போதாது. லோடு தூக்குவதை விட்டார், பிறகு லோடு வண்டி ஓட்டுவதையும் விட்டார். உனக்குப் பதினைந்து வயதானபோது ஒருநாள் நகம் நீலம் பூத்துவிட்டது. நீயும் நானும்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். டாக்டர் கேட்டார், எத்தனை வருஷமாகக் குடிக்கிறீர்கள் என்று. அப்பா இல்லை என்று தலையாட்டினார். "கூட இருக்கறவங்க யாராவது? வேலை செய்யற இடத்துல? பூட்டின ரூம்ல யாராவது பக்கத்துல பிடிப்பாங்களா?" என்று அவர் என்னைப் பார்த்துக் கேட்டார். சரியான கேள்வி. நீ என் பக்கத்தில் நின்றாய். ஜெயில் என்ற ஒரு வார்த்தை சொன்னால் போதும். "அப்படி யாரும் இல்ல டாக்டர்" என்றேன், அவர் கேட்டு முடிப்பதற்குள். அவர் அப்பாவை ஒரு தடவை பார்த்துவிட்டு, சீட்டில் புகைப்பழக்கம் உள்ளவர் என்று எழுதினார். அதை நீ படித்தாய். நான் படிக்க விட்டேன்.

அதற்குப் பிறகு ஒருநாள் நடந்ததை நீ மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை. ஆணியில் தொங்கிய அவர் சட்டையை நீ முகர்ந்து பார்த்தாய், ஒன்றும் இல்லை. அவர் வெளியிலிருந்து வந்ததும் வாசலிலேயே மறித்து, "கைய தூக்குபா, செக் பண்ணணும்" என்றாய். விளையாட்டும் கோபமும் கலந்த குரல். அவர் இரண்டு கையையும் தூக்கினார். நீ சொல்லாமலே காலை அகட்டி நின்றார். நீ பாக்கெட்டைத் தடவி முடித்ததும் வாயைத் திறந்து நாக்கை மேலே தூக்கிக் காட்டினார். "வாய எதுக்குபா தொறக்கற, பல் டாக்டரா நானு" என்று சிரித்தாய். அவரும் சிரித்தார். நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன், முறத்தைக் கீழே வைத்துவிட்டேன். ஏழு மாதம் தினமும் அப்படி நின்ற உடம்பு, தம்பி. மனசு மறந்தாலும் உடம்புக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. நாளை மறுநாள் உனக்கும் அதைச் சொல்லித் தருவார்கள், கைதியை எப்படி நிற்கவைப்பது, எங்கெங்கே தடவிப் பார்ப்பது என்று. அப்போது உனக்கு இது ஞாபகம் வர வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். இல்லை, ஞாபகம் வரக்கூடாது என்றும் தோன்றுகிறது. என்ன எழுதுகிறேன் என்றே தெரியவில்லை. எழுதிக்கொண்டே போகிறேன்.

அதற்கடுத்த வருடம் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புக்கு வாயு பரவுவதைப் பற்றிப் பாடம் எடுத்தேன். வருடா வருடம் செய்வதுதான், ஒரு மூலையில் ஊதுபத்தி கொளுத்திவைத்து, வாசனை வந்ததும் கை தூக்குங்கள் என்பேன். முதல் பெஞ்சிலிருந்து வரிசையாகக் கை உயரும், கடைசி பெஞ்சு கடைசியில். அந்த வருடம் மின்சாரம் இல்லை, ஒரு ஜன்னலைத் திறந்து வைத்திருந்தோம். ஊதுபத்திக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் சும்மா இருக்க, ஜன்னலோரம் இருந்த ஒரு பெண் முதலில் கை தூக்கினாள். உனக்கெப்படி முதலில் வந்தது என்று கேட்டேன். "வெளிய போகணும்னா இந்த வழியாத்தானே மிஸ் போகும்" என்றாள். சாக்பீஸை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். தலைசுற்றலா மிஸ் என்று தண்ணீர் கொண்டுவந்தார்கள். அன்று மாலை அப்பாவிடம் கேட்க வேண்டும் என்றுதான் வேகமாக வந்தேன். அவர் தெருவில் யாரோ குப்பை கொளுத்துகிறார்கள் என்று துண்டை நனைத்து ஜன்னலில் கட்டிக்கொண்டிருந்தார். கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே.

கேட்டது இப்போதுதான், ஸ்டேஷன்காரர் வந்துபோன மறுநாள் காலை, மாடியில் துணி காயவைக்கும்போது. "ஜன்னல்கிட்ட காத்து வந்துச்சாங்க?" என்றேன். அவர் ஈரத்துணியை உதறிக் கொடியில் போட்டார். "எல்லாரும் குடிக்கறதுக்கு அங்கதான் வருவாங்க. வார்டருக்கு வாசன போவக்கூடாது இல்ல. கம்பிக்கு நடுவுல வாய வெச்சி ஊதுவாங்க. காத்து அத்த திருப்பி உள்ள தள்ளும். கீழ நான் படுத்துக்கினு இருப்பேன்." வேறு இடத்துக்குப் போயிருக்கலாமே என்றேன். "நீ வாங்கிக் குடுத்த எடம்" என்றார். "ஜன்னலுன்னு சொன்னதும் உன் மூஞ்சி எப்பிடி ஆச்சி தெரியுமா. அந்த ஏழு மாசத்துல நீ ஒருவாட்டிதான் சிரிச்ச." பிறகு அவரே என்னைச் சமாதானம் செய்வதுபோல, முப்பது பேர் ஊதுகிற அறையில் எங்கே படுத்தாலும் அதே காற்றுதான் என்றார். குடிக்கிறவர்கள் மேல் அவருக்குக் கோபமே இல்லை. "அவங்களுக்கு உள்ள வேற இன்னா இருக்குது" என்றார். அதில் ஒருவர், தான் குடிக்கும்போதெல்லாம் தன் துண்டை நனைத்து இவர் முகத்துக்கு நேரே கம்பியில் கட்டிவிடுவாராம். அந்தப் பழக்கம்தான் நம் வீட்டு ஜன்னலில் தொங்குகிற துண்டு. "குடிக்கறவருக்கு இன்னா சுத்தம் பாரு" என்று நீ கேலி செய்வாயே, அந்தத் துண்டு.

அந்த ஏழு மாதம்தான் இதற்கெல்லாம் காரணம் என்று அடித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. இழுப்பு அவரோடு பிறந்தது. ஆனால் இந்த மூன்று வாரமாகத் தேடித்தேடிப் படித்தேன். அடுத்தவர் விடுகிற புகையும், பீடி நுனியில் எரிகிற புகையும் குடிக்காதவன் நெஞ்சுக்குள்ளும் போய்ச் சேர்கிறது, மூச்சுக்குழலையும் இதயத்தையும் கெடுக்கிறது, அடங்கின இழுப்பைக் கிளப்பிவிடுகிறது, மூடின அறையில் சுவரிலும் போர்வையிலும்கூடத் தங்குகிறது. பஸ் ஸ்டாண்டில் பக்கத்தில் ஒருவர் பற்றவைத்தால் நாம் நாலடி தள்ளிப்போய் நின்றுகொள்வோம். உள்ளே இருப்பவனுக்கு அந்த நாலடி இல்லை. தண்டனை என்று தீர்ப்பில் எழுதுவது அடைத்து வைப்பதை மட்டும்தான், நெஞ்சைக் கெடுப்பதை யாரும் எழுதுவதில்லை. அவருக்குத் தீர்ப்பே அப்போது வரவில்லை. அந்தக் காற்றுக்குள்தான் நீயும் இனி எட்டு மணி நேரம் நிற்கப்போகிறாய். ஐந்து வயது வரை உனக்கும் இழுப்பு இருந்தது. இதை நினைத்துத்தான் நான் இரண்டு தடவை எழுந்தேன்.

நீ ஒரு ஆள் போய் அந்த அறையை மாற்றிவிட முடியாது, தெரியும். மேலே பத்து அதிகாரிகள் இருப்பார்கள். ஆனால் எந்த அறையில் யாரைப் படுக்கவைப்பது என்ற பேச்சு வரும்போது, இவன் இருமுகிறான், குடிக்காதவர்களோடு போடலாம் என்று சொல்ல ஒரு வாய் வேண்டும். அது உன் வாயாக இருக்கட்டும். மனுவுக்கு வருகிற எவளாவது பையில் பீடியோடு மாட்டினால், பிடி, அது உன் வேலை. பிடித்துவிட்டு, உள்ளே இருப்பவர் குடிக்கிறவரா என்று ஒரு தடவை கேள். இல்லை என்று அவள் சொன்னால், யாருக்காக, எதற்காக என்று கேள். என்னை யாராவது பிடித்து அப்படிக் கேட்டிருந்தால் ஜன்னலுக்காக என்று சொல்லியிருப்பேன். அந்த ஜன்னலோரம் என்ன நடக்கிறது என்று என்னைப் பிடித்தவர் எனக்குச் சொல்லியிருப்பார்.

ஒரு உண்மை சொன்னால் ஆகிற காரியத்துக்கு நான் பதிமூன்று வருடம் பெங்களூரைக் கட்டிக்கொண்டு அழுதேன். உனக்குத் தெரிந்தால் பள்ளிக்கூடத்தில் தலை குனிவாய் என்று நினைத்தேன். நீ தலை குனியவில்லை, அப்பாவிடமிருந்து தலையைத் திருப்பிக்கொண்டாய். அது என்னால் வந்தது. போன வருடம் முழுக்க ஓட்டப் பரீட்சைக்காக தாமல் ஏரிக்கரையில் விடியற்காலையில் ஓடினாயே, அவர் மொபெட்டில் பின்னால் வந்து போனில் நேரம் பார்ப்பார். "நீ ஊதின புகை பத்தாதுன்னு வண்டி புகை வேறயாபா" என்றாய் ஒருநாள். மறுநாளிலிருந்து அவர் உனக்கு முன்பே கிளம்பிப்போய், கரையின் அந்தக் கோடியில் வண்டியை அணைத்துவிட்டு நின்றார். நீ தெரிந்ததும் துண்டைத் தூக்கி ஆட்டுவார். கத்த அவருக்கு மூச்சு இல்லை. அந்தத் துண்டைப் பார்த்து ஓடித்தான் நீ இந்த வேலையை வாங்கினாய்.

அடுத்த மாதம் செக்கப்புக்குப் போகும்போது டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். அந்தச் சீட்டில் எழுதியிருப்பதை அடித்து மாற்றித் தரச் சொல்லிக் கேட்பேன். ஆனால் உன் மனசில் எழுதியிருப்பதை நான் அடிக்க முடியாது. அதை நீதான் அடிக்க வேண்டும், அதுவும் பஸ் ஏறுவதற்கு முன்னால். அதனால்தான் இதை உன் பெட்டிக்குள் வைக்கவில்லை. போன் சார்ஜர் மேல் வைக்கிறேன், வந்ததும் நீ தேடுவது அதைத்தான்.

வாசலில் அப்பா உன் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருக்கிறார். ஒரு ஷூவை முடித்துவிட்டு மூச்சு வாங்க நிறுத்தியிருக்கிறார். இருமல் இங்கே கேட்கிறது. போய் அவர் பக்கத்தில் உட்கார். மன்னிப்பெல்லாம் கேட்காதே, அவருக்குக் கூச்சமாகிவிடும். அன்றைக்குக் கேட்ட அதே கேள்வியைத் திரும்பக் கேள், "நீ பீடி குடிச்சியாபா?" என்று. இல்லை என்று சொல்வார். இந்தத் தடவை நான் சமையலறைக்குப் போகமாட்டேன், கதவருகிலேயே நிற்பேன். நீ நம்பு. அதற்குப் பிறகு இன்னொரு ஷூவை நீ எடுத்து பாலிஷ் போடு.

அம்மா